நாலை அமுக்கு

மட்டாஞ்சேரியில் எங்கள் லைன் வீடுகள் எல்லாவற்றிலும் பேச்சு தமிழ்தான். பொதுக் குழாயைத் தாண்டி ரோட்டில் கால் வைத்ததும் அதே வாய் மலையாளத்துக்கு மாறிவிடும். யாரும் சட்டம் போட்டு வைத்ததில்லை. கார்ப்பரேஷன் துப்புரவு வேலைக்கென்று எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்திறங்கிய காலம் தொட்டு அப்படித்தான். ரேஷன் கடையில் மலையாளம், ஆஸ்பத்திரியில் மலையாளம், வார்டு ஆபீஸில் இன்னும் கொஞ்சம் சலவை செய்த மலையாளம். வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றும்போது அதையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவோம்.

அதனால் போன் விஷயமும் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. கேபிளும் இன்டர்நெட்டும் தருகிற கம்பெனிக்குப் புகார் சொல்லக் கூப்பிட்டால் முதலில் ஒரு மெஷின் குரல் வரும். மலையாளத்துக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு, ஹிந்திக்கு மூன்று, தமிழுக்கு நான்கு என்று அந்தந்தப் பாஷையிலேயே சொல்லும். மழைக்காலத்தில் கேபிள் அடிக்கடி போகும் என்பதால் எங்கள் லைன் குழந்தைகள் அந்தக் குரலை அப்படியே மிமிக்ரி செய்வார்கள். ஆனால் நான்கு வரை கேட்டுக்கொண்டிருக்கும் பொறுமை பெரியவர்கள் யாருக்கும் இல்லை. மலையாளம் என்று காதில் விழுந்ததுமே விரல் ஒன்றில் போய் விழும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான்கை அமுக்கினால் போனை எடுக்கப்போவது எங்கள் சுடலைமணியின் மகள் தன்யாவாகவும் இருக்கலாம்.

சுடலைமணிக்குக் கார்ப்பரேஷனில் கானை அள்ளும் வேலை. சாக்கடைக்கு இந்த ஊரில் கானை என்று பெயர். பெயர் மாறினாலும் நாற்றம் அதேதான். அவர் மனைவி பாண்டிச்செல்வி வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். ஒரே மகள் தன்யா சுள்ளிக்கல்லில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். தமிழ் பேசுவாள். எழுத்தைக் காட்டினால் தட்டுத் தடுமாறித்தான் கூட்டிப் படிப்பாள். காக்கநாட்டில் அந்தக் கேபிள் கம்பெனியின் தமிழ் டெஸ்க்கில் வேலை கிடைத்ததும், சொல்ல வேண்டிய வணக்கத்தை மலையாள எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு வீட்டில் பழகினாள். “தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?” என்று அவள் சொல்லிப் பார்த்ததைக் கேட்டு, இது எந்த வீட்டுத் தமிழ் என்று சுடலைமணி கேட்டார். எங்கள் லைனில் யாரும் யாரையும் தங்கள் என்றது கிடையாது.

தினமும் காலையில் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அவள் தோப்பும்படிக்கு நடந்துபோய் பஸ் பிடிப்பாள். பாண்டிச்செல்வி மாவுக் கையோடு வாசலில் நின்று பார்ப்பாள். அந்தக் குடும்பத்தில் அதுவரை எல்லாரும் நின்று செய்த வேலை, குனிந்து செய்த வேலை, தூக்கிச் செய்த வேலை. தன்யாதான் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவள். “எம் புள்ள உக்காந்து செய்யுற வேல” என்று பாண்டிச்செல்வி மாவு வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். கேட்டுக் கேட்டு எங்களுக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் எங்களுக்கும் அது பெருமைதான்.

ஆடி மாதத்து மழை விடாமல் பிடித்திருந்த ஒரு சாயங்காலம், தன்யா குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். பாண்டிச்செல்வி அடுப்பில் மத்தி வறுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி மோளே, மொகம் கறுத்துக் கெடக்கு? சாயா போடட்டா?”

“வேண்டாம்மா. தமிழ் டெஸ்க்க பூட்டப் போறாங்களாம்.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தமிழ் லைனில் போனே வருவதில்லை. மலையாளப் பக்கத்துப் பெண்களுக்கு எழுந்து பாத்ரூம் போக நேரமில்லை. ஹிந்திப் பக்கத்தில் புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்கள். பெங்கால், ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பையன்கள் தைரியமாக மூன்றை அமுக்கி, கிரிக்கெட் தெரியவில்லை என்று சண்டையே போடுகிறார்களாம். நாலை அமுக்கத்தான் ஆளில்லை. இந்த மாதக் கடைசி வரை பார்த்துவிட்டு டெஸ்க்கை மூடிவிடுவதாக மேனேஜர் சுமா மேடம் சொல்லிவிட்டாள். மலையாளத்துக்கு இனி ஆள் எடுக்கப்போவதில்லையாம், அதனால் தமிழ்ப் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பாண்டிச்செல்விக்கு வந்ததே கோபம். மார்க்கெட்டில் பாதிப் பேர் தமிழ், ஹோட்டலில் புரோட்டா அடிப்பவன் தமிழ், சாந்து குழைப்பவன் தமிழ், இத்தனை பேர் இருந்தும் ஒரு பொத்தானை அமுக்க விரல் இல்லையா என்று மீன் சட்டியைப் பார்த்துத் திட்டினாள். தன்யா அவளைப் பேசவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ எத அமுக்குவம்மா?”

பாண்டிச்செல்வி மீனைத் திருப்பிப் போட்டாள். “நான் எங்க போன் போடுறேன்? உங்கப்பாதான் போடுவாரு. அவருகிட்ட கேளு.”

சுடலைமணி மூலையில் உட்கார்ந்து கால் விரலிடுக்கில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். மழைக்காலம் முழுக்க அவருக்குச் சேற்றுப்புண்.

“ஒண்ணு” என்றார்.

“மோளு நாலுல இருக்கான்னு தெரியும்ல?”

“தெரியும். கை போக மாட்டேங்குது, மோளே.”

அன்றைக்குத்தான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். பாண்டிச்செல்விக்கே அதுவரை தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இப்படி ஒரு மழையில், ரெயின்கோட்டு கேட்டு வார்டு ஆபீஸுக்குப் போயிருக்கிறார். அவசரத்தில் வாயில் தமிழ் வந்துவிட்டது. அங்கிருந்த குமாஸ்தா, பாண்டிக்கு மழையில் கரைந்துபோகும் பயமா என்று கேட்டிருக்கிறான். பாண்டி என்றால் இங்கே தமிழனை மட்டம் தட்டிச் சொல்கிற பெயர். ஆபீஸே சிரித்திருக்கிறது.

“நானும் கூடச் சேந்து சிரிச்சேன்” என்றார் சுடலைமணி. “அதுதான் இப்பவும் உள்ள எரியுது. அவன் பறஞ்சது கூட மறந்து போச்சு. நான் சிரிச்சது மறக்கல. அதுக்கப்புறம் வெளிய தமிழ் எடுத்ததில்ல. நால அமுக்கினா, நீ எந்த ஊரு, எப்ப வந்த, ரேஷன் கார்டு இருக்கான்னு கேப்பான்னு ஒரு பயம்.”

“யாரும் கேக்க மாட்டாங்கப்பா. அந்தப் பக்கம் எடுக்குறது நான்தான்” என்றாள் தன்யா. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மறுநாள் காலையில் பாண்டிச்செல்வி களத்தில் இறங்கினாள். அவளுடைய மாவு வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாவு வேண்டுமென்றால் யாரும் போனில் பேச வேண்டாம். மிஸ்டு காலுக்கு எங்கள் பேச்சில் மிஸ் என்று பெயர். ஒரு மிஸ் அடித்தால் போதும், ஒரு பாக்கெட் வாசலில் தொங்கும். இரண்டு மிஸ் என்றால் இரண்டு பாக்கெட். எவ்வளவு பேசினாலும் காசு ஏறாத காலம் வந்த பிறகும் எங்கள் லைன் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கை நிறைய மாவோடு இருப்பவளை எடுத்துப் பேசவைப்பது பாவம் என்று ஒரு எண்ணம். ஆட்டோக்காரனை வரச் சொல்லவும், மீன்காரி வந்துவிட்டாள் என்று சொல்லவும், ஊரிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்ததைச் சொல்லவும் எங்களுக்கு மிஸ்தான்.

அந்த மாவுப் பாக்கெட்டுகளோடு வீடு வீடாகப் போய், இனிமேல் கம்பெனிக்குக் கூப்பிட்டால் நாலை அமுக்கு, இல்லாவிட்டால் தன்யா வேலை போய்விடும் என்று பாண்டிச்செல்வி சொன்னாள். மார்க்கெட்டுக்கும் போனாள். அங்கே காய்கறிக் கடை வைத்திருக்கும் இசக்கிராஜா தென்காசிப் பக்கமிருந்து வந்து சில வருஷம்தான் ஆகிறது. அவன்கூட ஒன்றைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தான்.

“நால அமுக்குனா மெட்ராஸுக்குப் போயிரும்னுல்லா நெனச்சேன், யக்கா. இங்க லைன் போச்சுன்னா அவன் என்ன செய்வான்?”

“எந்த மெட்ராஸு? காக்கநாட்டுல எம் புள்ள எடுப்பா.”

“நம்ம தன்யாவா? அப்ப இன்னைக்கே அமுக்குதேன்.”

சாயாக்கடையில் இது ஒரு விவாதமாகவே ஆகிவிட்டது. இத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிற தமிழுக்கு நான்கும், நேற்று வந்த ஹிந்திக்கு மூன்றும் எப்படிக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். கடைசியில் வைத்தாலும் வைத்திருக்கிறானே, அதுவே மரியாதை என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு ஓமனா சேச்சி மலையாளி, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். கேரளத்தில் இருந்துகொண்டு எதற்குத் தமிழுக்குத் தனி நம்பர், தமிழ்நாட்டில் எங்களுக்கு மலையாளம் வைத்திருக்கிறார்களா என்று அவள் கேட்டாள். கேட்டது பாண்டிச்செல்வியிடம் கறிவேப்பிலை கடன் வாங்கிக்கொண்டே. பாண்டிச்செல்வி இரண்டு கொத்து அதிகமாகவே கொடுத்தாள்.

ஆக, எங்கள் ஆட்கள் நாலை அமுக்கத் தொடங்கினார்கள். கேபிள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டிலிருந்தும் அமுக்கினார்கள். காலையில் பல் தேய்த்ததும் ஒன்று, படுக்கப் போகும் முன் ஒன்று. இதில் ஒரு சிக்கல். அமுக்கிய பிறகு என்ன பேசுவது? புகார் ஒன்றும் இல்லை. எடுக்கப்போவதோ நம் வீட்டுப் பெண், வேலையில் இருப்பவளை வெட்டியாகப் பேசவைத்து எதற்கு அலைக்கழிக்க வேண்டும்? அதனால் நாலை அமுக்கி, பாட்டுச் சத்தம் வந்ததும் கட் செய்துவிட்டார்கள். எண்ணிக்கையும் ஏறும், பிள்ளைக்கும் சிரமமில்லை என்று நினைத்தார்கள். எங்களைப் பொறுத்தவரை மிஸ் அடித்தால் சேதி போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன்யா வீட்டுக்கு வந்தபோது செருப்பைக் கழற்றவே நேரம் எடுத்துக்கொண்டாள்.

“அம்மா, நீ லைன்ல என்ன சொல்லி வச்ச?”

“நால அமுக்கச் சொன்னேன். வருதா இல்லியா?”

“வருது. எடுக்கப் போனா கட் ஆகுது.”

“உனக்கு எதுக்கு புத்திமுட்டு, வெட்டியா செரமம்னுதான். எல்லாரும் மிஸ் அடிக்குறாங்க.”

தன்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு விளக்கினாள். கம்பெனி கம்ப்யூட்டரில் மிஸ் என்று ஒன்று கிடையாது. கூப்பிட்டவர் பேசாமல் போய்விட்டால், அந்த டெஸ்க்கில் இருப்பவர்கள் போனை எடுக்காமல் விட்டதாகத்தான் கணக்கு. இத்தனை நாள் போன் வராத டெஸ்க் என்ற பெயர்தான் இருந்தது. இப்போது போன் வந்தும் எடுக்காத சோம்பேறிகள் என்ற பெயரும் வந்துவிட்டது. கூட இருக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுகிறார்கள். திங்கட்கிழமை தன் முன்னால் வந்து நின்று பதில் சொல்லும்படி சுமா மேடம் சொல்லியிருக்கிறாள். மாதக் கடைசி வரைகூட வேலை தங்காது போலிருந்தது.

பாண்டிச்செல்வி மாரில் அடித்துக்கொள்ளாத குறை. நானே வந்து அந்த மேடத்தின் காலைப் பிடித்துச் சொல்கிறேன் என்றாள். சுடலைமணி கையைக் காட்டி அவளை அடக்கினார். நீ போனால், வீட்டு ஆட்களை வைத்துப் பொய்யாகப் போன் போடவைத்தார்கள் என்று ஆகிவிடும், அது இதைவிடக் கேடு என்றார்.

“அப்ப நான் என்னப்பா சொல்ல?”

“உள்ளத உள்ளபடி பறஞ்சிரு. அவங்க விரட்டினா விரட்டட்டும். பொய் பறஞ்சு நீ நாற்காலில உக்கார வேண்டாம்.”

லைன் முழுக்கச் செய்தி பரவியது. மிஸ் அடித்தவர்கள் எல்லாம் பாண்டிச்செல்வி வீட்டு வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நல்லது செய்யப்போய்ப் பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டோமே என்று எங்களுக்கு ஒரே வேதனை. சனிக்கிழமை முழுவதும் ஒருவரும் நாலை அமுக்கவில்லை.

ஞாயிறு விடியும்போது காற்றும் மழையுமாக அடித்தது. சாக்கு மூட்டை ஏற்றிய உயரமான லாரி ஒன்று பஜார் ரோட்டில் அரிசி கோடவுனுக்குத் திரும்பும்போது குறுக்கே போன கேபிள் கற்றையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு கம்பமும் சாய்ந்தது. மட்டாஞ்சேரியில் பாதி இடத்தில் டிவி இல்லை, இன்டர்நெட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வெளியே போக முடியாத மழை, வீட்டில் டிவியும் இல்லை. சனம் பைத்தியம் பிடிக்காத குறையாக ஆனது.

ஓமனா சேச்சிக்குப் பாடு பெரிது. அவள் மகள் மஞ்சுஷாவுக்கு அன்று மத்தியானம் வெளிநாட்டு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ. மொபைல் நெட்டில் மழைக்குப் படம் அசையாமல் நின்றது. சேச்சி காலையிலிருந்து கம்பெனிக்கு ஒன்றை அமுக்கிக் காத்திருந்தாள். மெஷின், நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள் என்று சொல்லிச் சொல்லிப் பாட்டுப் போட்டது. ஊர் முழுக்க அந்த வரிசையில்தான் நின்றது. கடைசியில் போனைக் கையில் பிடித்தபடியே மழையில் பாண்டிச்செல்வி வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“செல்வி, தன்யாவ ஒண்ணு விளிச்சுப் பற. மஞ்சுஷாவோட காரியம்.”

“இன்னைக்கும் அவளுக்கு டூட்டிதான். வேல நேரத்துல அவ சொந்த போன் கைல இருக்காது, சேச்சி. நீங்க நால அமுக்குங்க.”

“ஞானோ? என் தமிழ் சினிமாத் தமிழ் ஆணு.”

“அது போதும். அமுக்கிட்டு கட் பண்ணாதீங்க. அத மட்டும் செய்யாதீங்க.”

ஓமனா சேச்சி நாலை அமுக்கினாள். பாட்டு ஒரு வரிகூட முடியவில்லை, ஒரு பெண் எடுத்துவிட்டாள். தன்யா இல்லை, வேறு யாரோ. சேச்சி நிமிர்ந்து நின்று, தொண்டையைச் சரிசெய்து, நாயகி வசனம் பேசுகிற மாதிரி தமிழ் பேசினாள். “எங்கள் வீட்டில் நெட் காணவில்லை. என் மகளின் வாழ்க்கைப் பிரச்சினை” என்றாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டு முகவரி வாங்கி, புகாரைப் பதிந்து, நம்பர் கொடுத்தாள். சேச்சி போனை வைத்துவிட்டுப் பாண்டிச்செல்வியைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு கேட்கவா வேண்டும். நாலில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி மழையைவிட வேகமாகப் பரவியது. மலையாளிகள் நாலை அமுக்கினார்கள். கொங்கணி பேசுகிற பப்பட வியாபாரி அமுக்கினார். குஜராத்திச் சேட்டு அமுக்கினார். மட்டாஞ்சேரியில் நூறு வருஷமாக எல்லாரும் எல்லார் பாஷையிலும் கொஞ்சம் விலை பேசியே பழகியவர்கள், அதனால் தமிழ் என்று யாரும் மலைக்கவில்லை. எங்கள் லைன் ஆட்களுக்கும் இப்போது உண்மையான புகார் இருந்தது. அவர்களும் அமுக்கி, கட் செய்யாமல், வாய் திறந்து பேசினார்கள். இசக்கிராஜா தன் வீட்டுக் கேபிள் பெட்டி போன ஓணத்திலிருந்தே சரியில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னான். மலையாளத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அதுவரை வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சுடலைமணிக்கு ஞாயிறு லீவு கிடையாது. பஜார் ரோட்டில் கானை அடைத்துத் தண்ணீர் கோடவுன்களுக்குள் ஏறியிருந்தது. அவரும் கூட வேலை செய்யும் அஜீஷும் காலையிலிருந்து கம்பியால் குத்திக் குத்திச் சாக்குத் துணியும் பிளாஸ்டிக்கும் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பாண்டிச்செல்வி போன் செய்து, மிஸ் அடிக்காமல் நிஜமாகவே பேசி, வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் புகார் கொடுக்க வேண்டுமாம், நம் வீட்டுக்கு உங்கள் பெயரில்தான் கனெக்ஷன், நீங்கள் கூப்பிடுங்கள் என்றாள்.

சுக்கு மணக்கும் ஒரு கோடவுனின் தகரக் கூரைக்கடியில் அவர் ஒதுங்கினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். பழக்கத்தில் விரல் ஒன்றுக்குப் போனது. நிறுத்தினார். பக்கத்தில் அஜீஷ் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான், கோடவுன் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மெஷின் நான்கு பாஷையையும் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, நாலை அமுக்கினார். உரையாடல் பதிவு செய்யப்படும் என்று அது எச்சரித்தது. பாட்டு வந்தது. கட் செய்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

“வணக்கம். தன்யா பேசுறேன். தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?”

சுடலைமணி பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தார். பதிவாகிறது என்று மெஷின் சொன்னது ஞாபகம் வந்தது.

“எங்க வீட்டுல கேபிள் இல்ல. காலைல இருந்து.”

“உங்க பேரு சொல்லுங்க, சார்.”

“சுடலைமணி.”

“வீடு எங்க இருக்கு, சார்?”

தான் பிறந்து வளர்ந்த வீட்டின் முகவரியை அவள் கேட்டாள். அவர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொன்னார். மழைச் சத்தத்தில் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“லைன்மேன் வரும்போது வீட்டுல யாராவது இருப்பாங்களா, சார்?”

“எம் பொண்டாட்டி இருப்பா. மாவு அரைச்சுக்கிட்டு இருப்பா.”

“பதிவு செஞ்சாச்சு, சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“ஒண்ணும் வேண்டாம், மோளே” என்றார். அதில் மாட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. இந்த ஊரில் வயதானவர்கள் எல்லாப் பெண்களையும் மோளே என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மழைல நனையாதீங்க, சார்” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

போனைப் பையில் போட்டுவிட்டு அவர் திரும்பியபோது அஜீஷ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சுடலைமணியின் காது சூடானது. அஜீஷ் புகையை விட்டுவிட்டு, “மணியண்ணா, தமிழ் லைன் காலியா? எங்க வீட்லயும் நெட் இல்ல. ஒண்ணு அமுக்கித் தரீங்களா?” என்று கேட்டான். மலையாளத்தில்தான் கேட்டான். சுடலைமணி அவன் போனை வாங்கி நாலை அமுக்கிக் கொடுத்தார். கோடவுன் ஆட்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனை நீட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. கம்பியை எடுத்துக்கொண்டு மறுபடி கானையில் இறங்கும்போது அவருக்கு உடம்பே லேசாக இருந்தது.

மத்தியானத்துக்குள் முதலில் பதிந்த வீடுகளுக்கு லைன்மேன் வந்து கேபிளைச் சேர்த்துவிட்டான். மஞ்சுஷா இன்டர்வியூவில் உட்கார்ந்தாள். ஓமனா சேச்சி ஒரு பாத்திரம் நிறைய மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் கொண்டுவந்து பாண்டிச்செல்வி வீட்டில் வைத்தாள். கேரளத்தில் எதற்குத் தமிழ் நம்பர் என்று கேட்டதைப் பற்றி அவளும் பேசவில்லை, பாண்டிச்செல்வியும் கேட்கவில்லை.

இருந்தாலும் திங்கட்கிழமை ஒன்று இருந்தது. அன்று பாண்டிச்செல்விக்குக் கை ஓடவில்லை. மாவில் உப்பைப் போட்டோமா இல்லையா என்றே தெரியவில்லை, எங்கள் வீட்டு இட்லி அன்று சப்பென்று இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. சுடலைமணி வேலையிலிருந்து சீக்கிரம் வந்து குளித்துவிட்டு வாசலிலேயே நின்றார். நாங்களும் ஏதோ வேலை இருப்பது போல அங்கங்கே நின்றோம்.

தன்யா குடையைச் சுழற்றிக்கொண்டே வந்தாள். தூரத்திலேயே முகத்தைப் பார்த்துவிட்டு, பாண்டிச்செல்வி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எங்களுக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

தன்யா அப்பா சொன்னபடி உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். மிஸ் அடித்தது தன் லைன் ஆட்கள், தன்மேல் உள்ள பாசத்தால் செய்தார்கள் என்று. சுமா மேடம் முதலில் நம்பவில்லையாம். வந்த நம்பர்களைப் பார்த்துவிட்டு, இதுவரை இவர்கள் ஏன் நாலை அமுக்கவில்லை என்று கேட்டாளாம். எந்த ஊர் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம், மேடம் என்று தன்யா சொல்லியிருக்கிறாள். மேடம் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை எடுத்துக் காட்டினாள். அன்று வந்த போன் ஒன்றையும் விடாமல் எடுத்தது தமிழ் டெஸ்க் மட்டும்தானாம். டெஸ்க்கை மூடப்போவதில்லை, யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மலையாள லைன் நிறைந்திருந்தால், தமிழ் தெரிந்தவர்கள் நாலை அமுக்கலாம் என்று மெஷினே சொல்லும்படி செய்யப்போகிறார்களாம். ஒன்றே ஒன்றுக்குத் திட்டு விழுந்தது. மழையில் நனையாதீங்க என்பது கம்பெனி எழுதிக் கொடுத்ததில் இல்லை, இனிமேல் அதைச் சொல்லாதே என்றாளாம்.

கூட்டம் கலைந்த பிறகு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் நான், ஓமனா சேச்சி கேட்டாள் என்று அவள் பாத்திரத்தைத் திருப்பி வாங்கிப்போக வந்து கதவருகில் நின்றிருந்தேன். சுடலைமணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“மோளே, அந்த சார்னு சொல்றது, அதுவும் எழுதிக் கொடுத்ததா?”

“ஆமாப்பா. எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடணும்.”

அவர் தலையாட்டினார். கொஞ்சம் கழித்து, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“என்ன இதுவரைக்கும் யாரும் சார்னு விளிச்சதில்ல. எந்த பாஷைலயும்.”

தன்யா எழுந்துபோய் குழம்புச் சட்டியை எடுத்துவந்து, அப்பாவின் தட்டருகில் குனிந்து, தாராளமாக ஊற்றினாள்.

“ஆறிப்போகுது. சாப்பிடுங்க, சார்” என்றாள்.